சூசன்னா சிபரின் மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

போன ஞாயிறு எங்கள் மொட்டை மாடிக்கு வந்து, 18ஆம் நூற்றாண்டு லண்டன் மேடைப் பாடகி சூசன்னா சிபரின் கதையை ஒன்றரை மணி நேரம் பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. நாற்காலி போதாமல் பாயில் உட்கார்ந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

வழக்கறிஞர் நண்பர் இல்லையென்றால் சூசன்னாவின் பெயரைக் கெடுத்த வழக்கு எனக்குப் புரிந்தே இருக்காது. சூசன்னாவின் கணவர் தியோஃபிலஸ் சிபர், வில்லியம் ஸ்லோப்பர் என்பவர் தன் மனைவியோடு கள்ள உறவு வைத்திருந்தார் என்று 1738இல் வழக்குப் போட்டு 5000 பவுண்டு கேட்டார். ஜூரி கொடுத்தது 10 பவுண்டு. "அது புருஷனுக்கு விழுந்த அறை. ஆனாலும் ஊர் வாயில் விழுந்தது மனைவிதான்" என்றார் நண்பர். அந்த ஒரு வரிதான் என் பேச்சுக்கே முதுகெலும்பு.

அப்புறம் எங்கள் பாட்டு டீச்சர். லண்டன் மேடையை விட்டு விலகியிருந்த சூசன்னா, அயர்லாந்தின் டப்ளினில் 1742 ஏப்ரல் 13 அன்று, இசையமைப்பாளர் ஹாண்டல் இயேசுவைப் பற்றி அமைத்த 'மெசையா' என்ற பெரிய இசைப்படைப்பில் பாடிய பாட்டைப் பியானோவில் வாசித்துக் காட்டினார். "அசட்டைபண்ணப்பட்டவர்" என்ற, பைபிளின் ஏசாயா 53ஆம் அதிகாரத்துச் சொற்கள். டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "இங்கே கேளுங்கள், குரல் ஓய்கிறது, வயலின்கள் விசும்புகின்றன" என்றார். சூசன்னாவின் குரல் வெறும் நூலிழை என்று இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி எழுதியது அப்போதுதான் எனக்குக் குறையாகப் படாமல் போயிற்று. இத்தனை இடைவெளி உள்ள பாட்டுக்கு அந்த இழை போதும்.

"பெண்ணே, இதற்காக உன் பாவமெல்லாம் மன்னிக்கப்படட்டும்" என்று அந்த டப்ளின் கச்சேரியைக் கேட்ட பாதிரியார் டிலேனி எழுந்து சொன்னாராம். பேச்சை அதோடு முடிக்க இருந்தேன். அக்காதான் தடுத்தாள். "மன்னிக்க அவர் யார்? அந்தக் கச்சேரிப் பணத்தில் கடனுக்காகச் சிறையில் கிடந்த 142 பேர் வெளியே வந்தார்களே, அதைச் சொல்." சொன்னேன். சரியான முடிவு அதுதான், அக்கா.

டீச்சரின் மாணவி மைக் இல்லாமல் பாடினாள். அவள் பாட ஆரம்பிக்கும்போது தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு மாமா இறங்கிப் போய் அதை நிறுத்திவிட்டு, வேறு யாரும் போட்டுவிடக் கூடாதென்று பாட்டு முடியும்வரை சுவிட்ச் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். எனக்கு மறுநாள்தான் தெரியும். மாமா, நீங்கள் கேட்காமல் போன அந்தப் பாட்டை உங்களுக்காக அவள் இன்னொரு தடவை பாடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.