மாநாட்டு அரங்கில் கிளை நூலகருக்கும் ஓர் இடம் வேண்டும்

நூலகவியல் மாநாடுகளை நடத்தும் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், பல்கலைக்கழக நூலகவியல் துறைப் பேராசிரியர்களுக்கும், பொது நூலகங்களை நிர்வகிக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிற்றூரின் கிளை நூலகத்தில் பதினேழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கடந்த ஆண்டு நம் மாநிலத்தின் பெருநகர் ஒன்றில் மூன்று நாட்கள் நடந்த நூலகர் மாநாட்டில் முதன்முறையாகக் கலந்துகொண்டேன். எந்த மாநாடு, யார் நடத்தியது என்பதைச் சொல்வது என் நோக்கமன்று. அங்கே என்னை யாரும் அவமதிக்கவுமில்லை. ஆனால் அந்த மூன்று நாட்களில் எனக்குக் கிடைத்தது என்னைப் போன்ற மற்ற நூலகர்களுக்கும் கிடைக்க வேண்டும், அதற்கு இன்று இருக்கும் தடைகளை நீக்கத் தங்களால் முடியும் என்ற நம்பிக்கையில் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நாள் காலை பதிவு மேசையில் அமர்ந்திருந்த இளைஞர், "எந்தக் கல்லூரி, மேடம்?" என்று பணிவோடு கேட்டார். பொது நூலகம் என்றேன். அவர் கையிலிருந்த படிவத்தில் பேராசிரியர், ஆய்வு மாணவர், கல்லூரி நூலகர், ஆய்வு நிறுவன நூலகர் என்று பிரிவுகள் இருந்தன. சற்று நேரம் தேடிவிட்டு 'மற்றவர்' என்ற கட்டத்தில் குறியிட்டார். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த அட்டையில் என் பெயருக்குக் கீழே நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து, எங்கள் ஊர்ப் பெயரையும் 'கிளை நூலகம்' என்பதையும் நானே எழுதிக்கொண்டேன். அந்த இளைஞர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நூலகர்களுக்கென்றே அச்சிட்ட படிவத்தில், அன்றாடம் ஊர் மக்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் நூலகருக்கு ஒரு வரி ஒதுக்க எவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அந்த மாநாட்டில் எனக்குக் கிடைத்த பெரும்பேறு ஓர் இருபது நிமிடத் தேநீர் இடைவேளை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மையார் பாலக்காட்டுப் பக்கத்துக் கிராம நூலகம் ஒன்றில் பணிபுரிபவர். என் அட்டையில் பேனாவால் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத் தாமாகவே பேசத் தொடங்கினார். அவர் மலையாளம் கலந்த தமிழிலும் நான் தமிழிலும் பேசிக்கொண்டோம். கேரளத்தில் பெண்களுக்கும் முதியோருக்கும் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் இருக்கிறது என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அதை நாள்தோறும் செய்யும் ஒருவரிடமிருந்து அப்போதுதான் கேட்டேன். இரண்டு துணிப்பைகள் வைத்திருப்பாராம்: கொடுக்க வேண்டியவற்றுக்கு ஒன்று, திரும்பி வருபவற்றுக்கு ஒன்று. எந்த வீட்டில் யார் எதைப் படித்தார், எதைப் பாதியில் விட்டார் என்று ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்வாராம். "கேட்ட புத்தகத்தை மட்டும் கொண்டுபோகக் கூடாது, கேட்காத ஒன்றையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்" என்று அவர் சொன்னதை அன்றிரவே எழுதி வைத்துக்கொண்டேன்.

அவர் பேசப் பேச எனக்கு மன்னார்குடி நினைவுக்கு வந்தது. 1931-ஆம் ஆண்டிலேயே மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். எங்கள் மண்ணிலேயே நடந்த செயலை அண்டை மாநிலத்தவர் ஒருவர் நினைவூட்ட, நான் ஊர் திரும்பி ஒரே ஒரு தெருவில் தொடங்கினேன். கோரைப்பாய் நெய்யும் வீடுகள் நிறைந்த தெரு அது. அங்குள்ள பெண்கள் நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் தறியை விட்டு எழ முடியாது. இன்று அந்தத் தெருவில் பதினொரு பெண்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அவர்களுள் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி, "எழுத்து பெரிசா இருக்கிற புக்கா பாத்து எடுத்தாம்மா" என்று சொன்ன பிறகுதான், எங்கள் நூலகத்தில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் எத்தனை உள்ளன என்று பதினேழு ஆண்டுகளில் முதன்முறையாக எண்ணிப் பார்த்தேன். அந்தத் தேநீர் இடைவேளை இல்லையென்றால் எனக்கு இந்தத் தெருவும் இல்லை, இந்தப் பாட்டியும் இல்லை. கேரளத்து நூலக இயக்கமே 1945-இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களை ஒன்றுகூட்டியதிலிருந்து வளர்ந்தது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். சிறிய நூலகங்களில் பணிபுரிவோர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டதன் பலன் அது.

அரங்குக்குள் நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். 'கிராமப்புற நூலகங்கள்' என்ற அமர்வில் ஆறு கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. ஆறுமே உழைத்து எழுதியவை. ஆனால் எழுதியவர்களில் ஒருவர்கூடக் கிராமப்புற நூலகத்தில் பணிபுரிபவர் அல்லர். ஒரு கட்டுரையாளர், குறிப்பிட்ட மாதத்தில் வினாத்தாள் கொடுத்துத் தகவல் திரட்டி, கிராமத்தில் இரவல் எடுப்போர் வெகுவாகக் குறைந்துவிட்டனர் என்று முடிவு சொன்னார். அவர் குறிப்பிட்ட மாதம் எங்கள் பகுதியில் நடவு நடக்கும் மாதம். நடவிலும் அறுவடையிலும் என் இரவல் பதிவேட்டில் பக்கம் நிரம்பாது; கோடை விடுமுறையில் பிள்ளைகளின் வரவால் ஒரே நாளில் இரண்டு பக்கம் நிரம்பும். இதைச் சொல்லக் கையை உயர்த்தினேன். தலைமை வகித்த பேராசிரியர் கனிவோடுதான் பார்த்தார்; ஆனால் நேரம் முடிந்துவிட்டிருந்தது. அந்த மாநாட்டுக்கு நானும் ஒரு கட்டுரைச் சுருக்கம் அனுப்பியிருந்தேன். பத்தாண்டு இரவல் பதிவேடுகளைப் பருவத்தோடு ஒப்பிட்டு எழுதிய அந்தச் சுருக்கம், 'ஆய்வுமுறை குறிப்பிடப்படவில்லை' என்ற ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வந்திருந்தது. என் எழுத்தில் குறை இருந்திருக்கலாம். ஆயினும் அந்தப் பதிவேடுகள் சொல்லும் உண்மை அந்த அரங்குக்குத் தேவைப்பட்டது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

மென்பொருள் குறித்த அமர்வுகளில், நூலகப் பணிகளை நிர்வகிக்கும் கோஹா என்ற மென்பொருளைப் பற்றி மீண்டும் மீண்டும் பேசினார்கள். பல்கலைக்கழகங்களும் பெரிய ஆய்வு நிறுவனங்களும் இன்று பயன்படுத்தும் அந்த மென்பொருள் பிறந்த இடம் நியூசிலாந்தின் ஹொரோவெனுவா என்ற சிறு வட்டாரத்தின் பொது நூலகம். தங்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தபோது, தொலைபேசி இணைப்பை நம்பியிருந்த தங்கள் கிளை நூலகங்களுக்கும் பொருந்தும்படி புதிதாக ஒன்றை 1999-இல் எழுதச் செய்து, அதை உலகம் முழுவதும் விலையின்றிப் பயன்படுத்திக்கொள்ளத் திறந்துவிட்டார்கள். மவோரி மொழியில் கோஹா என்றால் கொடை என்று பொருள். அந்த அமர்வுகளில் இந்த வரலாற்றை ஒருவரும் சொல்லவில்லை. ஒரு சிறு நூலகத்தின் நெருக்கடியிலிருந்து பிறந்த கருவியைப் பற்றிப் பேசும் அரங்கில், சிறு நூலகங்களின் இன்றைய நெருக்கடிகளைக் கேட்கவும் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

இனி, அங்கே போவதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்து என் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கின. மாநாட்டில் கலந்துகொள்வதைப் பணியாகக் கருத இயலாது என்று சொல்லப்பட்டதால் தற்செயல் விடுப்பு எடுத்தேன். எங்கள் நூலகத்தில் நான் ஒருத்திதான். நான் விடுப்பில் போனால் கதவு பூட்டப்படும். தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வாசிப்பு மேசையை நம்பியிருப்பவர்கள். அந்த மூன்று நாளும் அவர்கள் கோயில் மண்டபத்தில் அமர்ந்து படித்திருக்கிறார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, பக்கத்துத் தையல் கடைக்காரர் ஒரு கட்டுப் புத்தகங்களோடு வந்தார். கெடு நாள் தவறிவிடக் கூடாது என்று வாசகர்கள் அவரிடம் கொடுத்துவிட்டுப் போன பத்தொன்பது புத்தகங்கள் அவை. துணி அளக்கும் நாடாவால் கட்டி, ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிச் செருகி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும், அடுத்த முறை போவதா வேண்டாமா என்ற குழப்பம் எனக்குள் புகுந்தது, இன்னும் தீரவில்லை. என் படிப்புக்காக என் வாசகர்கள் வெளியே நிற்க நேரும் ஏற்பாடு சரியான ஏற்பாடாக இருக்க முடியாது.

நூலகர் வெளியே போய்ப் பார்த்து வருவது வீண் செலவு என்று கருதுவோர், நம் துறையின் தொடக்கத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். சீர்காழியில் பிறந்து கணித ஆசிரியராக இருந்த எஸ். ஆர். இரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டதும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே வகுப்பில் கற்றதோடு நில்லாமல், குராய்டன் பொது நூலகத்தில் இருந்து வேலையைப் பழகினார். பல ஊர் நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். அவர் நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டது 1931-இல்; அவற்றை முதன்முதலில் எடுத்துரைத்தது 1928 டிசம்பரில் சிதம்பரத்தில் கூடிய கல்வி மாநாட்டில். 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, நூலக வரி என்ற ஏற்பாடு வந்ததற்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. இன்று சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா வீதம் மக்கள் நூலக வரி செலுத்துகிறார்கள். அவர்கள் பணத்தில் நடக்கும் நூலகத்தின் ஊழியர் தம் தொழிலை மேலும் நன்றாகக் கற்றுக்கொள்வது அவர்களுக்கே சேர வேண்டிய பயன்.

ஆகவே மாநாடுகளை நடத்துவோரிடம் நான் வேண்டுவது, பதிவுப் படிவத்தில் பொது நூலகருக்கு ஒரு பிரிவும், ஆய்வு மாணவருக்கு உள்ளதைப் போன்ற கட்டணச் சலுகையும். தமிழ்நாட்டில் நடக்கும் மாநாட்டில் ஓர் அமர்வாவது தமிழில் நடக்கட்டும். அதில் கட்டுரை வடிவத்தைக் கேட்காமல், பதிவேட்டையோ ஒரு பிரச்சினையையோ கையில் கொண்டுவரும் நூலகருக்குப் பத்து நிமிடம் பேச இடம் கொடுங்கள். அதைக் கேட்கப் பேராசிரியர்களும் வந்து அமருங்கள். கிராமப்புற நூலகங்களைப் பற்றிய அமர்வுக்கு, அத்தகைய நூலகம் ஒன்றை நடத்துபவர் ஒருவராவது உரையாற்றுபவராக இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். தேநீர் இடைவேளையைப் பதினைந்து நிமிடமாகச் சுருக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நிர்வாகத்தினரிடம் வேண்டுவது இன்னும் எளியது. ஆண்டுதோறும் ஒரு மாவட்டத்துக்கு இருவர் அல்லது மூவரைச் சுழற்சி முறையில் அனுப்புங்கள். அந்த நாட்களைப் பணி நாட்களாகக் கணக்கிடுங்கள். அவர்கள் நூலகத்தைத் திறந்து வைக்க அருகிலிருந்து ஒருவரை மாற்றுப் பணியில் அமர்த்துங்கள். போய் வந்தவர் தாம் கண்டதையும் கேட்டதையும் மாவட்ட மைய நூலகத்தில் மற்ற நூலகர்கள் கூடும்போது சொல்லட்டும். பாலக்காட்டு அம்மையாரின் இரண்டு துணிப்பைகளைப் பற்றி நான் இதுவரை நான்கு நூலகர்களிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் தம் ஊரில் தொடங்கிவிட்டார்.

அடுத்த மாநாட்டின் அறிவிப்பு வெளியாகும்போது படிவத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அதற்குள் என் பதிவேட்டுக் கணக்கைத் திருத்தமாக எழுதி முடித்திருப்பேன். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
காவிரிப் படுகையின் கிளை நூலகர் ஒருவர்