வேகமான வண்டிதான் ஜெயிக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பைக் ரேஸில் இளைஞர்கள் பிடிபட்டார்கள், வண்டிகள் பறிமுதல் என்று செய்தி வரும்போதெல்லாம், ‘ரேஸுக்கென்று தனி மைதானம் கொடுங்கள்’ என்று வாசகர் யாராவது எழுதுகிறார். தண்டையார்பேட்டையில் இருசக்கர வாகன எலக்ட்ரீஷியனாகக் கடை வைத்திருக்கும் எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் வெறும் மைதானத்தைக் கொடுத்தால், யாரிடம் பெரிய இன்ஜினும் அப்பா பணமும் இருக்கிறதோ அவனுக்கே கோப்பை. வியாசர்பாடியிலிருந்து பழைய 100 சிசி வண்டியில் வரும் பையன் முதல் சுற்றிலேயே வெளியேறி, அன்று இரவே எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போய்விடுவான். மைதானத்தோடு விதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அந்த விதி அமெரிக்காவில் இருக்கிறது. கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப்பாதையில் உள்ளூர்க்காரர்கள் ஓட்டும் ‘பிராக்கெட்’ பந்தயத்தில், தன் வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நான் 20.50 என்றும் எதிராளி 15.00 என்றும் எழுதியிருந்தால், எனக்குப் பச்சை விளக்கு ஐந்தரை விநாடி முன்னதாக எரியும். எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. இருவருமே மீறினால், குறைவாக மீறியவர் ஜெயிப்பார். பச்சைக்கு முன்பே கிளம்பினால் சிவப்பு எரியும், ஆட்டம் முடிந்தது.

வடசென்னை மாடிகளில் பந்தயப் புறா வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூண்டுக்குக் கூண்டு தூரம் வேறு என்பதால் எந்தப் புறா முதலில் இறங்கியது என்று பார்க்காமல், நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குப் போட்டுத்தானே பரிசு கொடுக்கிறார்கள்!

ஒரு ஓட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பச்சை எரிந்து 0.08 விநாடியில் நான் கிளம்பி 20.53-இல் ஓடுகிறேன். எழுதியதைவிட 0.03 அதிகம், கிளம்பிய தாமதத்தையும் சேர்த்து மொத்த இழப்பு 0.11. எதிராளி 0.06-இல் கிளம்பி 15.07-இல் ஓடுகிறார், இழப்பு 0.13. பழைய வண்டி ஜெயித்துவிட்டது, அதுவும் ஒரு வண்டி நீளம்கூட இல்லாத இடைவெளியில். ஆகவே காசு செலவழிக்க வேண்டிய இடம் இன்ஜின் அல்ல. டயரில் ஒரே காற்றழுத்தம், அளவான செயின் தொய்வு, ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஒரே வேகத்தில் சுழலும்போது கிளட்சை விடும் கை, இவைதான் முக்கியம். காலையில் ஓடிய நேரத்தையே மதியமும் எழுதிக் கொடுப்பவன் தோற்பான். வெயில் ஏறினால் காற்று லேசாகும், இன்ஜின் சோர்ந்துபோகும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிரே வீசினால் சிறிய வண்டிக்குப் பெரிய அடி. பி.எஸ்.6 வண்டியின் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் அளவைத்தான் சரிசெய்யும். இல்லாத காற்றை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. அந்த அமெரிக்கப் பந்தயத்தில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் வரிசையாக எரிந்து, அடுத்த அரை விநாடியில் பச்சை வரும். பச்சையைக் கண்ணால் பார்த்துக் கிளம்புபவர் ஏற்கெனவே தாமதம். கடைசி மஞ்சளிலேயே கிளம்பப் பழக வேண்டும். இந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்கள் காரில் ‘டிலே பாக்ஸ்’ பொருத்துகிறார்கள். முதல் மஞ்சளைப் பார்த்ததும் பொத்தானை விட்டால் போதும், மீதி நேரத்தைப் பெட்டியே ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிவரை எண்ணி வண்டியை விடுவிக்கும். இன்டெக்ஸ் பந்தயம் இன்னும் வேடிக்கை. 8.90, 9.90, 10.90 என்று பிரிவுக்கொரு நேரத்தைப் பந்தயம் நடத்துபவர்களே வைத்துவிடுகிறார்கள். ஓட்டுபவர்களோ அதைவிட வேகமாக ஓடக்கூடிய காரைக் கட்டிவிட்டு, நடுவழியில் அதை அடக்கிவைக்க ‘த்ராட்டில் ஸ்டாப்’ என்று தனியாக ஒரு கருவியையும் வாங்குகிறார்கள். அதற்கு வயரிங் செய்யச் சொன்னால் ஆசையாகத்தான் செய்வேன். அது தனிக் கலை. ஆனால் இங்கே தொடக்கக்காரர் பிரிவில் பெட்டிக்கு இடம் கொடுக்கக் கூடாது. அங்கேயே பெட்டி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தனித்தனிப் பிரிவு வைக்கிறார்கள்.

நமக்கு இடமும் அனுபவமும் இல்லாமல் இல்லை. நமக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதையே வந்துவிட்டது. அங்கே தேசிய அளவில் இருசக்கர ‘டிராக்’ (drag) பந்தயமும், அதாவது நேர்ப்பாதையில் ஓடும் பந்தயமும், சிசி வாரியாக நடந்திருக்கிறது. பந்தயம் நடத்துபவர்களிடம் நான் கேட்பது, அதே பாதையில், அதே நேரக் கருவியை வைத்து, எழுதிக் கொடுத்த நேரத்துக்கு ஓடும் ஒரு பிரிவு. மாற்றம் செய்யாத வண்டி, ஆர்.சி. புத்தகம், ஓட்டுநர் உரிமம், தரமான ஹெல்மெட், கையுறை இருந்தால் அனுமதி. நுழைவுக் கட்டணம் ஒரு டேங்க் பெட்ரோல் விலையைத் தாண்டக் கூடாது. முன்னே கிளம்பியவர் எதிராளி எங்கே வருகிறார் என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது பைக்கில் ஆபத்து என்பதால், அப்படிப் பார்த்தால் அந்தச் சுற்று செல்லாது என்றும் விதியில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.