சோலைக்காட்டுச் சிலந்திகளும் பெயர்ச்சீட்டு இல்லாத புட்டிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விலங்கியல் துறைகள் மலைக்காடுகளுக்குக் களப்பயணம் சென்று சிலந்திகளைத் தொகுத்து வரும் வழக்கத்தைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியே தெரிவிக்க விரும்புகிறேன். நான் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பழனி மலையின் சோலைக்காடுகளுக்கு மாணவர்களைப் பலமுறை அழைத்துச் சென்றவன் என்பதால், கீழே நான் சுட்டும் பிழைகளில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலை மடிப்புகளில் நீரோடையை ஒட்டி, சுற்றிலும் புல்வெளி சூழ, அடர்ந்து நிற்கும் சிறு காடுதான் சோலை. உயரம் குறைந்த மரங்கள், கிளையெங்கும் பாசி, கணுக்கால் புதையும் ஈரச் சருகு என்று இருக்கும் அந்த இடத்தில் சிலந்தி தேடுவதற்குப் பெரிய கருவிகள் எவையும் வேண்டியதில்லை. குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு புதரைத் தடியால் நான்கு தட்டுத் தட்டினால், இலைகளோடு சிலந்திகளும் குடைக்குள் விழும். சருகைச் சலித்தால், வெள்ளைத் துணியின் மீது குண்டூசித் தலையளவுச் சிலந்திகள் ஊர்வதைப் பார்க்கலாம். இரவில் நெற்றிவிளக்கு அணிந்து புல்வெளி ஓரமாக நடந்தால், ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் அந்த ஒளியைத் திருப்பி அனுப்ப, புல்லுக்குள் பச்சைப் புள்ளிகள் மின்னும். அதை முதன்முறையாகக் காணும் மாணவர்கள் காலில் அட்டை ஏறுவதையும் மறந்து நின்றுவிடுவதை நான் ஒவ்வொரு பயணத்திலும் கண்டிருக்கிறேன்.

சிலந்திகளைப் பிடிக்கவே கூடாது, படம் எடுத்தால் போதும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அவர்களுடைய இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கருத்தை ஏற்க இயலவில்லை. உலகில் அறியப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-இல் 50,000-ஐத் தாண்டியது. அவற்றில் பெரும்பாலானவற்றைப் படத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. பெண் சிலந்தியின் வயிற்றின் அடியில் உள்ள இனப்பெருக்க உறுப்பையும், ஆண் சிலந்தியின் முகத்துக்கு முன்னே நுனி பருத்து நிற்கும் உணர்கால்களையும் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் தெரியும். ஆகவே முதிர்ந்த சிலந்திகளில் சிலவற்றைச் சாராயத்தில் (ஆய்வகத்து ஆல்கஹாலில்) இட்டுப் பாதுகாப்பது அறிவியலுக்குத் தேவையாகிறது. இளஞ்சிலந்திகளில் அந்த உறுப்புகள் உருவாகியிருக்காது என்பதால், அவற்றைப் பிடிப்பதால் பெரும்பாலும் பயன் இல்லை. நம் மாணவர்களின் புட்டிகளிலோ பாதிக்கு மேல் இளஞ்சிலந்திகளே கிடக்கின்றன.

அந்தப் புட்டிகளின் கதி என்ன? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் விலங்கியல் அறையில் பழைய அலமாரி ஒன்றைத் திறந்து பார்க்க நேர்ந்தது. வரிசையாகப் புட்டிகள், பலவற்றில் சாராயம் ஆவியாகி, அடியில் கால்கள் உதிர்ந்த சிலந்திகள் பழுப்புத் தூளாகக் கிடந்தன. சாராயம் மிச்சமிருந்த புட்டிகளில் அது நீலமாக மாறியிருந்தது. பெயர்ச்சீட்டைப் பந்துமுனைப் பேனாவால் எழுதி உள்ளே போட்டிருக்கிறார்கள். அந்த மை சாராயத்தில் கரைந்துவிட்டது. ஒரு சீட்டில் ‘சோலை’ என்ற சொல்லின் தடம் மட்டும் தெரிந்தது. எந்த மலை, எந்த உயரம், எந்த நாள், யார் பிடித்தது என்று எதுவும் இல்லை. பென்சிலால் எழுதியிருந்தால் அத்தனையும் இன்றும் நிலைத்திருக்கும்.

பெயர்ச்சீட்டின் மதிப்புக்கு ஆந்திரத்தின் கூட்டி சிலந்தியே சாட்சி. 1899-இல் போகாக் என்ற ஆங்கிலேய அறிஞர், கூட்டி நகரின் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு பெண் சிலந்தியைக் கொண்டு டரான்டுலா எனப்படும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி வகையைச் சேர்ந்த அந்த நீலநிறச் சிலந்தியை விவரித்தார். அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது அறிவியலாளர் கண்ணில் படவில்லை. 2001-இல், கூட்டியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. மரக்கட்டைகளோடு ரயிலில் ஏறி அது கூட்டிக்கு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருத முடிந்ததே, அது கிடைத்த இடம் பதிவாகியிருந்ததால்தான்.

அதே சிலந்தி வேறொரு கவலையையும் தருகிறது. அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக 2008-இல் பட்டியலிடப்பட்டது. அழகுக்காக அதனை வெளிநாடுகளில் வளர்க்கிறார்கள். அது சேர்ந்த பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி, முழுவதும் 2019 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் உள்ளது. அந்தப் பேரினத்தின் உறவினங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்கின்றன. ஆகவே மாணவர்கள் மரப்பொந்தில் டரான்டுலாவைக் கண்டால், பிடித்து விற்பவர்களுக்கு வழிகாட்டிவிடாதபடி, அதன் படத்தை இடப்பெயரோடு இணையத்தில் பகிரக் கூடாது என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

என் மனத்தை விட்டு அகலாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு பயணத்தில் மாணவர் ஒருவர் பெரிய ஓநாய்ச் சிலந்தி கிடைத்த மகிழ்ச்சியில் அதனைப் புட்டிக்குள் தள்ளினார். அதன் முதுகு சொரசொரப்பாக இருந்ததை நாங்கள் இருவருமே விளக்கொளியில் சரியாகக் கவனிக்கவில்லை. சாராயத்தில் விழுந்ததும் அந்த முதுகு கலைந்து, நூற்றுக்கும் குறையாத குஞ்சுகள் பிரிந்து மிதந்தன. தாய் ஓநாய்ச் சிலந்தி தன் குஞ்சுகளை முதுகில் சுமந்து திரியும் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் நான். அன்றிலிருந்து, பிடித்ததைக் கண்ணாடிக் குழாயில் உயிரோடு வைத்து லென்ஸால் பார்த்த பின்னரே கொல்வதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும் என்பதை விதியாக்கினேன்.

அனுமதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுலா நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்று புட்டிகளை நிரப்பி வருவதைக் களப்பயணம் என்று சில கல்லூரிகள் கணக்கில் காட்டுகின்றன. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். புதிய இனம் ஒன்றைக் கண்டறிந்தால், அதன் மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் உயிரியப் பன்மைச் சட்டம் கூறுகிறது. மாணவர்களுக்குச் சிலந்தியைக் காட்டுவதற்கு முன் இவற்றைக் கற்பிப்பது ஆசிரியர்களின் கடமை.

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு என் வேண்டுகோள் இது. களப்பயணத்துக்கு மதிப்பெண் வழங்கும்போது, எத்தனை சிலந்திகள் பிடித்தார்கள் என்று எண்ண வேண்டாம். இடம், உயரம், நாள், பிடித்தவர், பிடித்த முறை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டு ஒவ்வொரு புட்டியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிகளில் தேங்கிக் கிடக்கும் தொகுப்புகளில் சீட்டு உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து, சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்திடம் ஒப்படைப்பது பற்றி இந்தக் கல்வியாண்டிலேயே பேசத் தொடங்குங்கள். சாராயம் வற்றிக்கொண்டிருக்கும் புட்டிகள் அடுத்த ஆண்டு வரை தாங்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.