இரண்டு முள்ளையும் பெருக்கினால் மோட்டாரின் வாட்ஸ் வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரில் மின்சிக்கனக் குறிப்பு என்று ஒரு கட்டம் வந்திருந்தது. மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள், வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை அதால் வகுத்தால் ஆம்பியர், ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வாட்ஸ், எந்தச் சாதனத்துக்கும் இதே கணக்குதான் என்று போட்டிருந்தீர்கள். சூத்திரத்தில் தப்பில்லை. ஆனால் அந்த ‘எந்தச் சாதனத்துக்கும்’தான் மறுநாள் காலையில் என் கடை வாசலில் வந்து நின்றது.

நான் வேலந்தாவளம் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவன். கேரளாவில் இருந்தாலும் எங்கள் சித்தூர் தாலுகாவில் கடைப்பேச்சு, பேப்பர் எல்லாம் தமிழ்தான். ஆளியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணைக்கு வந்து சேரும் வரை தென்னைக்குப் போர்வெல்லை விட்டால் வேறு கதி இல்லை, அதனால் இங்கே ஒரு மோட்டார் நின்றால் வீடே நின்ற மாதிரி. வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய தோட்டக்காரர். நாலாக மடித்த உங்கள் பேப்பர் துண்டு சட்டைப் பையில் இருந்தது. “தம்பி, காயில் சார்ட்டாயிருச்சுங்க. நாலு ஓம்ஸ்தான் காட்டுது. 230ஐ நாலால வகுத்தா 57 ஆம்பியர் வருது, கழட்டிக் கட்டிப் போடுங்க” என்கிறார். ஒரு எச்பி நீர்மூழ்கி மோட்டார். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆம்ஸ் (ஆம்பியர்) முள் ஏழரையில் நிற்கிறது!

அந்த மோட்டாருக்கு நாலு ஓம்ஸ் சரியான அளவுதான். மீட்டர் காட்டுவது செம்புக் கம்பியின் மின்தடையை மட்டும். ஏசி (மாறுதிசை) கரண்ட் அந்தச் சுருளில் பாயும்போது, சுற்றும் ரோட்டாரும் காந்தப்புலமும் சேர்ந்து எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கி கரண்டைத் தடுத்து நிறுத்துகின்றன, அதை மல்டிமீட்டரின் சின்ன பேட்டரியால் பார்க்க முடியாது. மண் அடைத்து ரோட்டார் சிக்கிக்கொண்டால்தான் ஆம்ஸ் ஐந்தாறு மடங்கு ஏறி காயில் கருகும்.

சரி, மோட்டாரை விடுங்கள், குண்டு பல்பை எடுங்கள். 230 வோல்ட், 100 வாட்ஸ் பல்பை மீட்டரில் வைத்தால் 40 ஓம்ஸ் அளவுக்குக் காட்டும். உங்கள் கணக்குப்படி அது 1300 வாட்ஸுக்கு மேல் இழுக்க வேண்டும்! எரியும்போது இழை வெள்ளையாகக் காய்ந்து 529 ஓம்ஸுக்கு ஏறிவிடுகிறது, அப்போதுதான் கணக்கு 100க்கு வருகிறது. ஓம் என்ற விஞ்ஞானி 1827இல் வெளியிட்ட விதிகூட வெப்பநிலை மாறாமல் இருந்தால்தான் நிற்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளே படிக்கிறார்கள். (எங்கள் ஊரில் தமிழ் மீடியம் பிள்ளைக்கு அது மின்தடை, பக்கத்து வீட்டு மலையாள மீடியம் பிள்ளைக்குப் பிரதிரோதம், கடையில் எல்லாருக்கும் ஓம்ஸ்.)

அந்தக் கணக்கு அச்சு மாறாமல் பொருந்துவது அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ராடு மாதிரி சாதனங்களுக்கு. 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 53 ஓம்ஸ், 180 வோல்ட்டில் 612 வாட்ஸ்தான் இழுக்கும். அதை வைத்துத்தான் வோல்டேஜ் குறைந்தால் பில்லும் குறையும் என்று எழுதினீர்கள் போலிருக்கிறது. சட்டை சூடாக அதே வெப்பம்தானே வேண்டும், கூடுதல் நேரம் எரியும், அவ்வளவுதான். மோட்டாரோ இதற்கு நேர் எதிர். தூக்க வேண்டிய தண்ணீர் குறையாது, அதனால் வோல்ட் இறங்க இறங்க ஆம்ஸ் ஏறும். ஏழரை ஒன்பதரையானால் காயிலின் சூடு 1.6 மடங்கு, ஏனென்றால் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுகிறது. கோடையில் என் கடைக்கு வருகிற கருகிய காயில்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

அப்புறம், ஸ்டார்டர் பெட்டியில் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டுகிற இரண்டு முள். பெரியவர் வீட்டில் 220 வோல்ட், ஏழரை ஆம்பியர், பெருக்கினால் 1650. ஆனால் மோட்டார் அவ்வளவு தின்பதில்லை, ஏசியில் கரண்டும் வோல்டேஜும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காததால் பவர் ஃபேக்டர் என்று ஒரு தள்ளுபடி உண்டு. நிஜமான வாட்ஸ் வேண்டுமானால் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மின்மீட்டரில் மினுக்குகிற சிவப்பு விளக்கை ஒரு நிமிடம் எண்ணுங்கள். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கல் என்று போட்டிருந்தது, நாங்கள் எண்ணியது 72. 72ஐ 60ஆல் பெருக்கி 3200ஆல் வகுத்தால் 1.35 கிலோவாட்.

காயிலில் குறையே இல்லை, ஒயர்தான் சந்தேகம். ஸ்டார்டர் வீட்டில், போர்வெல் 200 மீட்டர் தள்ளித் தோப்பில். வீட்டு அயர்ன் பாக்ஸையே தூக்கிப் போய் போர் பக்கத்து முனையில் மாட்டினேன், பெரியவரின் மருமகள் வேடிக்கை பார்த்தார்! வீட்டில் 220 வோல்ட், அங்கே 209, ஒயரைக் கவ்வி அளக்கிற கிளாம்ப் மீட்டரில் நாலு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. போன 11 வோல்ட்டை நாலால் வகுத்தால் கிட்டத்தட்ட 2.8 ஓம்ஸ். 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் போக 200, வர 200 மீட்டருக்கு இருக்க வேண்டிய மின்தடையும் அதேதான். மோட்டார் ஓடும்போது ஏழரையை ஏழரையால் பெருக்கி 2.8ஆல் பெருக்குங்கள், 157 வாட்ஸ் ஒயரைச் சூடாக்கவே போகிறது. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் அது 65க்கு இறங்கும். உங்கள் வகுத்தலும் பெருக்கலும் உட்கார வேண்டிய இடம் இதுதான், ஆனால் லைனில் கை வைத்து அளக்கிற வேலையைத் தெரிந்த ஆளிடம் விடச் சொல்லுங்கள்.

பெரியவர் இப்போது செம்பு ஒயருக்குச் சொல்லியிருக்கிறார். காயில் கட்டும் கூலி எனக்குப் போச்சு, அது இருக்கட்டும். மோட்டாருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில். அதையும் வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள அவர் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
காயில் கடைக்காரர் ஒருவர்,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்.