பிரபுவிடம் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள ராஜாமணி,

இங்கே எல்லோரும் நலம். விஜயாவுக்கு முட்டிவலி மட்டும் வந்து வந்து போகிறது. சரோஜாவும் பேரனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு அப்புறம் நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் கன்னியப்பனைப் பார்த்தேன். கையில் ஒரு பழைய பித்தளைப் பூட்டு, சாவி இல்லை, அதற்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். உனக்குத்தான் தெரியுமே, அவனைத் திருத்த முடியாது. அவன்தான் சொன்னான்: உன் பிரபுவுக்கு இத்தாலியிலிருந்து அபராதக் கடிதம் வந்திருக்கிறதாம், நீ "கட்டித் தொலைடா, வெளிநாட்டுக்காரன்கிட்ட நமக்கு என்ன வம்பு" என்று சொல்லிவிட்டாயாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் சொன்னால் "சரி சரி" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து பிரபுவுக்கு அனுப்பு.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. பிரான்சில் இருக்கிற நம் மாலதியும் அவள் புருஷன் செந்திலும் உங்கள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் வந்தது ஒரு எஸ்எம்எஸ். காரின் மேல் 35 யூரோ அபராதம் நிலுவையில் இருக்கிறது, இன்றே கட்டாவிட்டால் தொகை ஏறும் என்று ஒரு லிங்க்கோடு. செந்தில் ஹோட்டல் கிச்சனில் ராத்திரி வேலை முடித்து வந்தவன், சாப்பிடக்கூட உட்காராமல் பர்ஸிலிருந்து பேங்க் கார்டை எடுத்துவிட்டான். மாலதி போனைப் பிடுங்கி எனக்கு அனுப்பினாள். அந்த முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரான்சில் அபராதம் கட்டும் அரசுத் தளத்தின் முகவரி கடைசியில் 'கூவ்', ஒரு புள்ளி, 'எஃப்ஆர்' என்று முடியும். இதில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு, அதற்கும் பின்னால் ஒரு 'காம்'. அவ்வளவுதான் வித்தியாசம். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்தவன் கண்ணில் அது படுமா, நீயே சொல். அங்கே இந்த மாதிரி எஸ்எம்எஸ் வந்தால் 33700 என்ற எண்ணுக்கு அனுப்பிவிடலாம். மாலதி அனுப்பிவிட்டு அழித்தாள்.

தப்பித்தோம் என்று நினைத்தோம். அந்த வாரமே தபாலில் இன்னொன்று வந்தது. இது அசல். கேமரா பிடிக்கிற அபராதம் ரென் நகரத்திலுள்ள மையத்திலிருந்து, கார்த் கிரீஸில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், இருக்கிற முகவரிக்குத் தபாலில் வரும். மார்சேயில் 50 கிலோமீட்டர் வரம்புள்ள ரோட்டில் கேமரா காட்டிய வேகம் 68. அதில் கேமராவின் பிழைக்காக 5 கழித்து 63 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அபராதம் 135 யூரோ. 15 நாளைக்குள் கட்டினால் 90. ஒன்றும் செய்யாமல் விட்டால் 375. தப்புக்குத் தப்பு லைசென்ஸில் கழிக்கிற புள்ளிகளில் ஒன்றும் போகும். பெயர் சரி, நம்பர் சரி, வண்டியின் மேக்கும் சரி. ஆனால் செந்தில் மார்சேய்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவர்கள் இருப்பது பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில். அங்கிருந்து மார்சேய் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். அன்றைக்குச் சாயங்காலம் அதே காரில்தான் மாலதி பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்திருக்கிறாள்.

இத்தனைக்கும் பிறகு செந்தில் என்னிடம் சொன்னது இது: "மாமா, தொண்ணூறு யூரோதானே, கட்டிடறேன். ரெசிடென்ஸ் கார்டு ரினியூவலுக்குப் போட்டிருக்கேன். இந்த நேரத்துல போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்கணுமா?"

எனக்கு வந்த கோபத்தை நான் காட்டவில்லை. கோபம் அவன்மேல் இல்லை. செய்யாத தப்புக்குப் பணம் கட்டுவதுதான் பத்திரம் என்று ஒரு நல்ல பிள்ளையை நினைக்கவைத்தது எதுவோ, அதன் மேல். பத்திரம் எழுதுகிற நொத்தேர் ஆபீஸில் காலமெல்லாம் காகிதம் பார்த்தவன் நான். பின்பக்கத்தைத் திருப்பி போன் முன்னால் பிடிக்கச் சொன்னேன். பொடி எழுத்து. மாலதி ஒவ்வொரு வரியாக நகர்த்த, நான் படித்துச் சொன்னேன். பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். அப்புறம் எதிர்த்துக் கேட்க வழி இல்லை, புள்ளியும் போகும். எதிர்க்க வேண்டுமானால் 45 நாள் இருக்கிறது. அதற்கான படிவத்தையும் அவர்களே அந்த உறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். "இத பாருப்பா, நீ கேள்வி கேட்பதற்கான தாளை அரசாங்கமே அச்சடிச்சு உன் வீட்டுக்கு அனுப்பியிருக்கு. அதை எழுதிப் போட்டா யாரு உன் மேல கோபப்படுவாங்க?" என்று கேட்டேன். அதற்கு மேல் அவன் வாதாடவில்லை.

கேமரா எடுத்த படத்தை வண்டிக்காரர் கேட்டால் தருவார்கள். கேட்டு வாங்கினோம். படத்தில் அதே வெள்ளைக் கார், அதே நம்பர். ஆனால் பின்னால் வண்டி இழுக்கிற கொக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. செந்தில் காரில் அப்படி ஒன்று கிடையாது. மாலதி பார்க்கிங் தூணில் இடித்து, பம்பரின் இடது மூலையில் ஒரு சொட்டை விழுந்திருக்கிறதே, நீகூட அவளைக் கேலி செய்தாயே, அந்தச் சொட்டை படத்தில் இல்லை. யாரோ இவர்கள் நம்பரை அப்படியே பிளேட் அடித்து மாட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறான். அங்கே அது ஏழு வருஷம் வரை சிறையும் 30,000 யூரோ வரை அபராதமும் உள்ள பெரிய குற்றம். செந்தில் 90 யூரோவைக் கட்டி முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கார் எங்கே மோதினாலும் கடிதம் இவன் வீட்டுக்குத்தான் வந்திருக்கும். "முதல் தடவை நீங்கதானே கட்டினீங்க" என்று கேட்டால் என்ன பதில் சொல்வான்?

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் "இன்னொரு நாள் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். மாலதி நகரவில்லை. புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டுதான் வந்தாள். அந்த ரசீது முக்கியம், ராஜாமணி. வேக அபராதத்தை எதிர்ப்பதானால் சாதாரணமாக அந்தத் தொகையை முன்பணமாகக் கட்டிவைக்க வேண்டும். நம்பரைத் திருடிவிட்டார்கள் என்று புகார் ரசீது இணைத்தால் அது வேண்டாம். படிவம், ரசீது நகல், இவர்கள் காரின் பின்பக்கப் படம் எல்லாவற்றையும் அக்னாலெட்ஜ்மென்ட் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். சில வாரம் கழித்துப் பதில் வந்தது, அபராதம் ரத்து. புது நம்பருக்கும் எழுதிப் போட்டார்கள். செந்திலின் கார்டு ரினியூவலும் அதன்பாட்டுக்கு நடந்தது.

உனக்கு ஏன் "கட்டித் தொலை" என்று வந்தது என்று எனக்குப் புரிகிறது. நீ குவைத்தில் வண்டி ஓட்டியவன். லீவில் வரும்போதெல்லாம் ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்துகொண்டு வந்ததை நீயே சொல்லியிருக்கிறாய். 2023 முதல் அங்கே வெளிநாட்டுக்காரர்கள் டிராஃபிக் அபராத பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் நாட்டை விட்டுக் கிளம்ப முடியும் என்று உத்தரவே போட்டுவிட்டார்கள். அங்கே இருப்பவன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தை மூட்டை கட்டி ஐரோப்பாவில் இருக்கிற பிள்ளைகளின் தலையில் நாம் ஏற்றுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மோசடிக்காரனுக்கும் இது தெரியும். மொழி அரைகுறை, விசா கவலை, கேட்க ஆள் இல்லை என்று தெரிந்துதான் முப்பத்தைந்து யூரோ கேட்கிறான். முந்நூறு கேட்டால் யாரிடமாவது காட்டி விசாரிப்பார்கள். முப்பத்தைந்துக்கு யார் விசாரிப்பார்கள்?

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்களை உனக்குத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பாட்டிகள் பென்ஷனுக்கான உயிர்ச் சான்றை எடுத்துக்கொண்டு வருவார்கள், பேரன்கள் கொன்சுலா (பிரெஞ்சுத் தூதரகம்) கடிதத்தோடு வருவார்கள். போன மாதம் ஒரு அம்மா வந்தாள். மகன் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பையோடு எடுத்து வந்த உறைகள், பாதி பிரிக்காமலே இருந்தன. எல்லாம் அவன் என்றைக்கோ விற்றுவிட்ட காரின் அபராதங்கள். "கார்தான் வித்தாச்சே, நமக்கு என்ன" என்று போட்டுவைத்திருக்கிறான். காரை விற்றால் 15 நாளைக்குள் விற்றதைப் பதிவு செய்ய வேண்டும். அவன் அதைச் செய்திருக்கிறான், அத்தாட்சியும் வைத்திருக்கிறான். அந்த ஒரு தாளை நகல் எடுத்து முதல் கடிதத்துக்கே பதில் போட்டிருந்தால் முடிந்திருக்கும். கெடு தாண்டி எல்லாம் பெரிய தொகையாகிவிட்டது. அந்தக் கட்டத்துக்குப் போனால் அரசாங்கம் பேங்க் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயந்து கட்டுகிறவனும் எரிச்சலில் தூக்கிப் போடுகிறவனும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இரண்டு பேருமே கடிதத்தைப் படிப்பதில்லை.

இப்போது பிரபு விஷயம். ஃபிளாரன்ஸில் வாடகைக் கார் எடுத்தான் என்று கன்னியப்பன் சொன்னான். அப்படியானால் அந்தக் கடிதம் அசலாகவே இருக்கலாம். இத்தாலியில் பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் அனுமதி இல்லாத கார் நுழையக் கூடாது. நுழைகிற தெருமுனையில் கேமரா இருக்கும், யாரும் நிறுத்தவோ விசிலடிக்கவோ மாட்டார்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாளைக்குள் நோட்டீஸ் அனுப்பலாம் என்பது அவர்கள் சட்டம். அதனால்தான் ஊர் சுற்றியதே மறந்துபோன பிறகு கடிதம் வருகிறது. வெவ்வேறு கேமராவைத் தாண்டியிருந்தால் தனித்தனிக் கடிதமும் வரும்.

அவன் கார்டிலிருந்து ஏற்கெனவே ஒரு தொகை போயிருக்கிறதாமே? அது அபராதமாக இருக்காது. கார் கம்பெனி இவன் பெயரையும் விலாசத்தையும் போலீசுக்குக் கொடுத்ததற்கு எடுத்துக்கொள்ளும் கட்டணமாக இருக்கும். அபராதம் தனி. முதலில் போன பணத்தை அபராதம் என்று நினைத்துக்கொண்டு, அசல் கடிதம் வந்ததும் மோசடி என்று கிழித்துப் போட்டவர்கள் நிறையப் பேர்.

பிரபு செய்ய வேண்டியது இது. கடிதம் கைக்குக் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதிவைக்கட்டும். எல்லாக் கெடுவும் அந்த நாளிலிருந்துதான். அபராதம் சரியானதுதான் என்று தெரிந்தால் 5 நாளைக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். 60 நாள் வரை சாதாரணத் தொகை. சந்தேகம் இருந்தால் அவர்களுடைய சிறு நீதிமன்றத்துக்கோ, இல்லையென்றால் பிரிஃபெக்ட் என்கிற அரசு அதிகாரிக்கோ எழுதலாம்; வெளிநாட்டில் வசிப்பவருக்கு இரண்டுக்கும் 60 நாள் கெடு. அவன் தங்கிய ஹோட்டல் அந்தப் பகுதிக்குள்ளேயே இருந்தால், ஹோட்டல்காரர்கள் கார் நம்பரை நகராட்சிக்குத் தெரிவித்து அனுமதி வாங்கித் தரும் வழக்கம் உண்டு. இவன் நம்பரைத் தெரிவித்தார்களா என்று முதலில் அவர்களுக்கு ஒரு மெயில் போடட்டும். "ஆமாம், அன்றைக்கே தெரிவித்தோம்" என்று ஒரு வரி வந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. கடிதத்தில் இருக்கிற லிங்க்கை அழுத்தி எதுவும் கட்ட வேண்டாம். அந்த நகராட்சியின் தளத்தைத் தானே தேடிப் போய், கடித எண்ணைப் போட்டுப் பார்க்கட்டும்.

அவனுக்குத் தப்பு இருந்தால் கட்டட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஊர் ரோட்டில் ஓட்டினால் ஊர்ச் சட்டம்தான். தெரியாமல் கட்டக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அப்புறம் உன் சங்கதி. வாட்ஸ்அப்பில் 'ஆர்டிஓ சலான்' என்று ஒரு ஃபைல் வந்தது, திறக்கலாமா என்று கன்னியப்பனிடம் கேட்டாயாமே. கேட்க வேறு ஆளே கிடைக்கவில்லையா உனக்கு! அதைத் திறக்காதே. அது சலான் இல்லை. போனில் ஏறி பேங்க் ஓடிபியைத் திருடுகிற ஆப். உன் டிஎன் 31 வண்டிக்கு நிஜமாகவே சலான் இருந்தால் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் தெரிந்துவிடும். ஏற்கெனவே திறந்திருந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய், பேங்குக்கும் சொல். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சரோஜாவிடம் விஜயா கேட்ட வடுமாங்காய் விஷயத்தை ஞாபகப்படுத்து. பிரபுவின் கடிதத்தை முன்பக்கமும் பின்பக்கமும் உறையும் சேர்த்துப் படமெடுத்து எனக்கு இன்றைக்கே அனுப்பச் சொல். இத்தாலியம் எனக்கு வராது. ஆனால் அப்படிப்பட்ட கடிதங்களை வாங்குபவர் மொழியிலும் அனுப்புவார்கள், பிரெஞ்சில் ஒரு பக்கம் இருக்கக்கூடும். இருந்தால் ராத்திரிக்குள் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பாலு