வளர்த்த பிள்ளைதான் எப்போதும் மர்மமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவில் ஒளிபரப்பாகும் பேய்த் தொடரில் அந்தப் பெரிய வீட்டின் பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் அனுப்பிய ஊகங்களை இரண்டு கிழமையாகப் பிரசுரித்து வருகிறீர்கள். நானும் அந்தத் தொடரை விடாமல் பார்க்கிறவள். கரண்ட் போன இரவுகளில் மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்காவிடம் கதையைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பையே மூட்டுவேன். ஆகவே ஊகிக்கிறவர்களைக் குறை சொல்வதற்கு இதை எழுதவில்லை.

ஆனால் வந்த ஊகங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. கடைக்குட்டி அந்த வீட்டுப் பிள்ளை இல்லையாம். எங்கிருந்தோ எடுத்து வளர்த்ததாம். அதன் இரத்தத்தோடு வந்த சாபம்தான் வீட்டை ஆட்டிப் படைக்கிறதாம். ஒருவர் 'வளர்த்த கடா மார்பில் பாயும்' என்றே தொடங்கியிருந்தார். அதை வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். என் மகளின் கண்ணில் படக்கூடாது என்பதற்காக.

அவள் என் அக்காவின் மகள். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி) தினம். பிள்ளைக்கு முதல் நாள் காய்ச்சல் என்று அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள் அக்காவும் அத்தானும். கடற்கரையோரம் இருந்த அவர்களுடைய வீட்டில் எஞ்சியது கிணற்றுக்கட்டு மட்டும். பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். அந்தியேட்டிக் கிரியையைத் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியாவில் செய்தோம். இராவணன் தன் தாயின் கிரியைக்காகத் தோன்றச் செய்தவை என்று எங்கள் ஊர் சொல்லும் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளில், ஏழுக்கும் ஏழு விதமான சூடு. எல்லோரும் அழுதுகொண்டு நிற்க, இளஞ்சூட்டுத் தண்ணீரைக் காலில் ஊற்றியதும் என் இடுப்பில் இருந்தவள் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் என் மகள். அக்காவின் படம் எங்கள் விறாந்தையில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறது. பேசத் தொடங்கிய வயதிலேயே எல்லாம் சொல்லி வளர்த்தோம். இரகசியம் என்று எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை.

அப்படி இருந்தும் அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு சம்பவம் நடந்தது. அப்போது ஓடிய வேறொரு தொடரிலும் இதே கதைதான்: தத்தெடுத்த பிள்ளை, கூடவே வந்த ஆவி, அடுத்தடுத்து விழும் சாவு. வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் உட்கார்ந்து அதைத்தான் கதைப்பார்களாம். அந்தக் கிழமை என் கணவர் டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரவு நான் வீட்டுக்கு வந்தபோது இவள் தன் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துப் பள்ளிக்கூடப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகங்கள் எல்லாம் வெளியே கட்டிலில். "அம்மா, நான் இந்த வீட்டில இருக்கிறதாலதான் அப்பாவுக்கு இப்பிடியோ? நான் கொஞ்ச நாளைக்கு மாமா வீட்ட போய் இருக்கவா?" என்று கேட்டாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அந்தப் பையிலிருந்து உடுப்புகளை எடுத்துத் திரும்ப வைக்க எனக்கு விடிந்துவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. பேய்க்கதைகளைக் கண்டு பயப்படுவதில்லை. தேடித் தேடிப் பார்க்கிறாள். ஊகிப்பதற்கு வேறு வழி இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவளே அவள்தான். 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' என்ற தொடரை என்னைப் பக்கத்தில் இருத்தி, நிறுத்தி நிறுத்தி விளக்கினாள். பத்துப் பகுதிகள். பேய் வீடொன்றில் சிறு வயதைக் கழித்த ஐந்து சகோதரர்கள். தாய் செத்துப்போன இரவு வீட்டில் என்ன நடந்தது என்பதைத் தகப்பன் பிள்ளைகளுக்கு மறைத்துவிடுகிறார். அதைப் பார்த்த இரசிகர்கள் அருமையான ஓர் ஊகத்தைச் சொன்னார்கள். சாவை எதிர்நோக்கும் நோயாளிகளுக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகள் உண்டு என்று மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ரோஸ் 1969இல் எழுதினாரே, பிறகு துயரத்துக்கும் அதையே சொல்லத் தொடங்கினார்களே, ஐந்து பிள்ளைகளும் மூத்ததிலிருந்து கடைசி வரை அதே வரிசையில் அவற்றின் வடிவங்கள் என்றார்கள். பேயே இல்லை என்று சாதிக்கும் ஸ்டீவன் மறுப்பு. எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் ஷர்லி கோபம். போதைக்குள் மூழ்கிய லூக் சோர்வு. இயக்குநர் மைக் பிளனகனும் அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

இதுவும் குடும்ப இரகசியத்தைத் தேடிய ஊகம்தானே? யார் யாருக்குப் பிறந்தது என்று அவர்கள் தோண்டவில்லை. தாயை இழந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதை எப்படிச் சுமக்கிறார்கள் என்று பார்த்தார்கள். என் மகள் அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அந்தத் தொடரின் கடைசிக் காட்சியில் பின்னால், அந்தப் பேய் வீட்டில் பிள்ளைகளை மயக்கி வைத்திருந்த சிவப்பு அறையின் ஜன்னலை வைத்து, பிள்ளைகள் இன்னும் வீட்டைவிட்டுத் தப்பவில்லை என்று காட்டவும் பிளனகன் யோசித்தாராம். அது பெரிய கொடுமை என்று கைவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பயம் காட்டுவதே தொழிலாக இருப்பவருக்கும் அந்த இரக்கம் இருந்திருக்கிறது.

நமக்கென்ன குறை? மணிமேகலையில் ஆபுத்திரன் கதை இருக்கிறது. பெற்றவள் விட்டுப்போக, பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காத்த பிள்ளை. பிறப்பு வெளியே வந்ததும் ஊர் அவனை இழித்துப் பேசுகிறது. எடுத்து வளர்த்தவனும் கைவிடுகிறான். அவனோ மதுரைக்குப் போய், பிச்சை எடுத்த சோற்றைக் குருடருக்கும் முடவருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்கிறான். அமுதசுரபி முதலில் வந்து சேர்ந்தது அவனுடைய கையில்தான். பிறப்பைத் தோண்டியவர்களை யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

சுனாமியும் யுத்தமும் போன பிறகு திருகோணமலையில் பெரியம்மாவும் சித்தியும் அம்மம்மாவும் வளர்த்த பிள்ளைகள் எத்தனையோ ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். அவர்களும் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறார்கள். ஊகங்களை நிறுத்தவேண்டாம். 'பெறாத பிள்ளை, ஆகவே சாபம்' என்று வருகிறவற்றை மட்டும் தயவுசெய்து ஒதுக்கி வையுங்கள்.

அலுமாரிக்கு மேலே ஒளித்த பத்திரிகையை அவள் எப்படியோ எடுத்து வாசித்துவிட்டாள். கோபப்படவில்லை. "அம்மா, இவை ஒருத்தரும் ஒழுங்காப் பார்க்கேல்ல" என்றாள். அவள் சொன்ன ஊகத்தையும் எழுதிவிடுகிறேன். மூத்த மருமகளுக்கு முன்னால் வைக்கிற தேத்தண்ணிக் கோப்பை ஒரு காட்சியிலும் குறைவதில்லை. கடைக்குட்டியைத் தவிர வீட்டில் வேறு யாரும் அவளோடு ஒரு வார்த்தை கதைத்ததும் இல்லை. செத்துப்போனது மூத்த மருமகள். பூட்டிய அறை அவளுடையது. கடைக்குட்டி சாபம் கொண்டுவந்த பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அவளை இன்னும் மறக்காமல் இருக்கும் ஒரே ஆள்.

அறை திறக்கும் முன்னர் இதைப் பிரசுரித்தால் மகிழ்வாள். பெயர் போடவேண்டாமாம்.

இப்படிக்கு,
தாயும் மகளும்,
உப்புவெளி, திருகோணமலை.