தட்டச்சுப் பொறியில் நடந்த பத்திரிகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோவியத் யூனியன் உடைந்த கதையை யார் எழுதினாலும் கோர்பச்சேவ், எல்ட்சின் என்று தலைவர்களோடு முடித்துவிடுகிறார்கள். அந்த யூனியனுக்குள் இருந்த லித்துவேனியாவின் சாதாரணக் கத்தோலிக்கர்களுக்கு அதில் ஒரு வரிகூட இடம் இல்லை. எனக்கு இது நீண்டநாள் ஆதங்கம்.

சோவியத் ஆட்சியில் அங்கே பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் (கிறிஸ்தவ மறைக்கல்வி) சொல்லிக்கொடுப்பதே குற்றமாக இருந்தது. சிறுவர்களைப் புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை வாங்குவதற்குத் தயாரித்தார் என்று 1971-இல் ஒரு பாதிரியாரைச் சிறையில் போட்டார்கள். அடுத்த ஆண்டே 17,000-க்கும் மேற்பட்டவர்கள் சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கு எழுதிய மனுவில் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள். சோவியத் ரகசியப் போலீசான கேஜிபி வாசலில் நிற்கும் காலத்தில் அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அதே 1972 மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று 'லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் குறிப்பேடு' என்ற ரகசியப் பத்திரிகை தொடங்கியது. அச்சகம் கிடையாது, தட்டச்சுப் பொறியும் கார்பன் தாளும்தான். பத்திரிகைக்காரரான உங்களுக்கு இதன் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும்: அதில் வசைபாடல் இல்லை, எந்த ஊரில் எந்தக் கோயிலில் சோதனை நடந்தது, பூசைக்குப் போன மாணவனை எந்தப் பள்ளியில் எப்படி அவமானப்படுத்தினார்கள் என்று இடம், நாள், பெயரோடு எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். பிரதிகள் மாஸ்கோ வழியாக ரகசியமாக மேற்கு நாடுகளுக்குப் போய், வத்திக்கான் வானொலி வழியாக அந்த மக்கள் காதுக்கே திரும்பி வந்தன.

நியோலே சாதுனைத்தே என்ற சகோதரி 1974-இல் பதினோராவது இதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டார். மூன்று ஆண்டு முகாம், அப்புறம் மூன்று ஆண்டு சைபீரியாவில். நீதிமன்றத்தில் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, இதுதான் என் வாழ்வின் மகிழ்ச்சியான நாள் என்று சொன்னார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குறிப்பேட்டின் ஆசிரியராக இருந்த சிகிதாஸ் தாம்கெவிச்சியுஸ் அடிகளார் 1983-இல் கைதானார். சரி, இதோடு தீர்ந்தது என்று கேஜிபி நினைத்திருக்கும். வேறு கைகள் தட்டச்சைத் தொடர்ந்தன, 1989 வரை மொத்தம் 81 இதழ்கள் வந்தன. அந்த ஆசிரியரைத்தான் 2019-இல் போப் பிரான்சிஸ் கர்தினாலாக உயர்த்தினார்.

அங்கே சியாவ்லியாய் நகருக்குப் பக்கத்தில், மக்கள் சிலுவைகள் நட்டு வந்த சிலுவைக் குன்றை 1961-இல் சோவியத் அதிகாரிகள் புல்டோசர் விட்டு அழித்ததையும், மக்கள் இரவோடு இரவாக மறுபடி சிலுவை நட்டதையும் எழுத இங்கே இடம் போதாது. வரும் மார்ச் 19-க்காவது உங்கள் ஞாயிறு இணைப்பில் இந்த மக்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வாசகர்